நீலக் குப்பி

இடது கை இனி நாலு மணி நேரத்துக்கு மதியழகனுடையதல்ல. இரண்டு ஊசிகளையும் குத்தி, குழாய்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, "ஆட்டாதீங்க சார், போன வாரம் மாதிரி வீங்கிக்கும்" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் ஜெசிந்தா அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். இயந்திரத்தின் முகப்பில் சிறு சக்கரம் சுற்றத் தொடங்கியது. குழாய் மணிக்கட்டின் மேல் படிந்திருந்த இடத்தில் வெதுவெதுப்பு; தன்னுடைய ரத்தம்தான் என்றாலும் வேறு யாரோ அங்கே விரலை வைத்திருப்பது போலத்தான் இரண்டு வருடமாக அவனுக்குத் தோன்றுகிறது. மணி ஒன்று பத்து. ஐந்து பத்துக்கு முடியும். ஐந்தேகாலுக்கு அக்கா வருவாள், அவள் பையில் படிவம் இருக்கும். பூங்கோதைக்கு ஐம்பத்து மூன்று வயது, லால்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தம்பிக்குத் தருகிறேன் என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மனைவிக்குச் சர்க்கரை, அவளுடையது ஆகாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். அக்காவுடையது எல்லாச் சோதனைகளிலும் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் எவ்வளவோ நிம்மதி, யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்காது. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும், "இப்ப டயாலிசிஸ் நல்லாத்தானே போகுது, பின்னாடி பாத்துக்கலாம்" என்றான். போன மாதம் டாக்டர் அக்காவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எடுக்கலாம், ஒரு வருடம் கழித்துக் கேட்டால் இதே பதிலைச் சொல்வேனா தெரியாது என்றார். இன்று காலை அக்கா போனில் ஒரே மூச்சில் பேசி முடித்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அனுமதிப் பேப்பர் போகணும். சாயங்காலம் ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு. நாலாவது தடவை பின்னாடின்னு சொன்னா அது இல்லைன்னுதான் நான் எடுத்துக்குவேன்." பள்ளிக்கூட மணி பின்னால் அடித்தது, வைத்துவிட்டாள்.

வலது கையால் மடிக்கணினியைத் திறந்தான். படுக்கைக்குக் குறுக்கே நிற்கும் சாப்பாட்டு மேசையில் அதற்கும் சுட்டிக்கும் அளவாக இடம் இருந்தது. சால்ட்லைன் என்ற கணினி விளையாட்டு வரிசையின் இரண்டாவது ஆட்டம். பெரிய போர் ஒன்று முடிந்து கடல்கள் வற்றிப்போன உலகம். எங்கே பார்த்தாலும் உப்பு. மிஞ்சிய மனிதர்கள் அந்த வெளியில் தண்ணீர் தேடி அலைகிறார்கள். உப்பும் தண்ணீரும் விலக்கப்பட்ட ஒருவன் உப்புக்காட்டில் தண்ணீர் தேடி அலைவது ஜெசிந்தாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சிரிப்பு. "சார், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் உங்களுக்கு, அந்தப் பொம்மைக்கும் சேர்த்து." பொம்மை என்று அவள் சொன்னது சரிதான். மேலேயிருந்து பார்க்கிற ஆட்டம் அது. மனிதர்கள் எறும்பளவு, முகம் கிடையாது, கீழே கறுப்புப் பெட்டியில் பச்சை எழுத்து ஓடும். ஒரு வீட்டுக்குள் போனால் வீட்டைக் காட்டாமல் வாசனையை எழுதுவார்கள். 'இங்கே யாரோ நேற்று வரை வெங்காயம் நறுக்கியிருக்கிறார்கள்.' இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் படித்த வாக்கியம், இன்னமும் வெங்காயம் நறுக்குகிற இடத்தில் நின்றால் அவனுக்கு அந்தப் பச்சை எழுத்து ஞாபகம் வரும். யார் எழுதினார்களோ. உலகம் அழிந்தபிறகு வெங்காயத்தைப் பற்றி யோசித்த ஒரு ஆள் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆட்டத்தில் தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் வடக்கே இருக்கிற ஊற்றைக் கண்டுபிடித்துத் திறக்காவிட்டால் அவனுடைய ஊர் செத்துப்போகும், ஒன்றிரண்டு பேராக இல்லை, மொத்தமாக. ஒவ்வொரு அடிக்கும் தோல்பையில் நீர் குறையும். ஆனால் சண்டை வந்தால் ஒரு மரியாதை உண்டு. உன் முறை, பிறகு எதிரியின் முறை. நீ எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரி கத்தியை ஓங்கியபடியே நிற்பான். வலது கையில் கட்டியிருக்கும் பட்டை அரைமணிக்கொரு தரம் புஸ்ஸென்று ஊதி ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவனால் சுட்டியைப் பிடிக்க முடியாது. எதிரி அப்போதும் நிற்பான். இவ்வளவு பொறுமையுள்ள எதிரியை அவன் வெளியில் கண்டதில்லை.

"இன்னும் அந்த எறும்பு கேமா மதிண்ணா?" என்றாள் பக்கத்துப் படுக்கை நிலோபர். இருபத்தாறு வயது, கட்டடக்கலை படித்தவள், எட்டு மாதமாக இதே செவ்வாய் வியாழன் சனி. அவளுக்கு இன்னும் கையில் ஊசி குத்துவதற்கான ரத்தக்குழாய் தயாராகவில்லை, கழுத்துக்குக் கீழே சொருகிய குழாயில்தான் ஓடுகிறது, அதனால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கைகளுக்கும் அவளிடம் வேலை இருந்தது: சின்னத் திரையும் இருபுறமும் பொத்தான்களுமாக ஒரு கருவி, அதில் சால்ட்லைன் நான்கு. "அதுல நடக்கிறதைப் பாத்தாலே எனக்கு முட்டி வலிக்குதுண்ணா." "உன் ஆளு ஆறு மாசமா அந்த மலையிலதான் உக்காந்திருக்கான், அவனுக்கு வலிக்கலையா?" என்றான். "என் ஆளு வேடிக்கை பாக்கறான்ணா. வேடிக்கை பாக்கத்தானே மலை." அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். அதிகாலை. உப்புவெளியின் விளிம்பில் சூரியன் கிளம்புகிற நேரம், வெள்ளைத் தரை முழுக்க மெல்லிய ரோஸ் நிறம் பரவி, தூரத்தில் தரைதட்டிய கப்பல் ஒன்றின் நிழல் மைல் கணக்கில் நீண்டு கிடந்தது. அவனும் வீட்டில் அதே இடத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறான். நான்காவதைக் குறைத்துப் பேச அவனுக்கு நாக்கு எழாது. நோய் தெரிந்த முதல் மூன்று மாதம் அவனை உடைந்துபோகாமல் வைத்திருந்தது அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பேசாமல் உட்கார்ந்து அந்த உப்பின் மேல் நடப்பான், எங்கே என்று கிடையாது, நடப்பான். காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம் காய்ந்த இடத்தில் ஒரு விதம், ஈரம் கோத்த இடத்தில் ஒரு விதம். கெடு கிடையாது. ஊற்றைத் தேடு என்ற பணி மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கும், நீ நூறு நாள் மீன்முள் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் ஊர் அப்படியே இருக்கும், குழந்தைகள் அதே இடத்தில் கோலி ஆடிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் அவனிடம் நாள் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் நாளே இல்லாத ஒரு இடத்தைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு அவன் மனசுக்குள் கும்பிடு போட்டிருக்கிறான்.

"அந்த நாலு தட்டு வீட்டுக்குள்ள போனீங்களாண்ணா?" என்றாள் நிலோபர். போயிருந்தான். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒரு வீடு. மேசையில் நாலு தட்டு, மூன்று மல்லாந்திருக்கும், ஒன்று கவிழ்த்திருக்கும். வேறு ஒன்றும் கிடையாது. ஒரு எழுத்துக்கூட இல்லாமல் அந்த வீட்டில் யார் முதலில் போனார்கள், மற்றவர்கள் எத்தனை வேளை அந்தத் தட்டோடு சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். "உங்க ரெண்டாவது கேம்ல இதை எப்படிச் சொல்லியிருப்பாங்க, ரெண்டு பக்கம் எழுதியிருப்பாங்க." "ரெண்டு வரி" என்றான். "ரெண்டு வரியில எழுதி ரெண்டு நாள் தூங்க விடாம பண்ணியிருப்பாங்க." சிரித்தாள். சிரித்தால் கழுத்துக் குழாய் இழுக்கும்போல, உடனே நிறுத்திக்கொண்டாள். அவன் திரையைப் பார்த்தான். ஐம்பத்தொன்பதாம் நாள். பையில் தண்ணீர் நாலு மடக்கு, கத்தி, கயிறு, நீலக் குப்பி ஒன்று. பக்கத்தில் ஹன்னா நின்றிருந்தாள், மண்வெட்டியோடு ஒரு எறும்பு. ஹன்னா கிணறு வெட்டுகிறவள். பன்னிரண்டாம் நாள் ஒரு தூர்ந்த கிணற்றடியில் அவளாக வந்து கேட்பாள். 'நானும் வரட்டுமா? திரும்பி வருவேனா என்று கேட்காதே, அது எனக்கும் தெரியாது.' வா என்றால் வருவாள். இருந்துகொள் என்றால் இருப்பாள். பதினோரு முறை அவன் இந்த ஆட்டத்தை முடித்திருக்கிறான். ஏழு முறை ஹன்னா வழியில் செத்துப்போனாள், இந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான், மண்வெட்டி மட்டும் தரையில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம், அதை எடுக்க அவனுக்குக் கை வந்ததில்லை. மூன்று முறை பயந்துபோய் அவளைக் கிணற்றடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டான். ஒரே ஒரு முறைதான் அவள் ஊற்று வரை வந்து சேர்ந்தாள். அன்று அவன் என்ன செய்தான் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் இல்லை. அதே வழி, அதே ஆட்கள். நான்காவதில் கூட வருகிறவள் ஐரிஸ். அழகான முகம், நல்ல குரல். அடிபட்டால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருவாள், சண்டை முடிந்ததும் தூசு தட்டி எழுந்துவிடுவாள், அவளுக்குச் சாவு கிடையாது. இரண்டு வருடத்தில் எத்தனை நூறு தடவை விழுந்திருப்பாள். ஒரு தடவைகூட அவன் ஓடிப்போய்ப் பார்த்ததில்லை.

ஒண்ணும் ஆகாதுல்ல மாமா. இதைக் கேட்டது கவின், அக்கா மகன், பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது. எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள், இவன் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து, துண்டை எடுத்துக் கொடுப்பது மாதிரிக் கொடுத்துவிட்டு, மெதுவாக, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா. வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் இல்லை. பதில்கூட எதிர்பார்க்காதவன் மாதிரி உடனே போய்விட்டான். அந்தத் துண்டு ஈரமாக இருந்தது. ஆகாது என்று டாக்டர் சொன்னார், பத்து நாளில் எழுந்து நடமாடலாம், ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் தொண்ணூறு வயது வரை இருக்கிறார்கள் என்று சொன்னார். அதெல்லாம் ஐரிஸ் கணக்கு. முழங்காலை ஊன்றி, தூசு தட்டி, எழுந்துவிடுவாள். ஆனால் அக்கா ஐரிஸ் இல்லையே. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஹன்னா கணக்கு, பதினொன்றில் ஏழு. பட்டை ஊதியது. ஜெசிந்தா வந்து எண்ணைப் பார்த்து, "என்ன சார், ஏறுது? பேய் ஏதும் வந்துச்சா கேம்ல?" என்றாள். இல்லை என்றான். வாய் காய்ந்திருந்தது. பனிக்கட்டி ஒன்று கேட்டான், அவள் ஒரு கரண்டியில் கொண்டுவந்து வாயில் போட்டாள், ஒன்றே ஒன்று. அதை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து, கரையட்டும், கடிக்கக் கூடாது, கடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று காத்திருந்தான். எதையும் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது. அது அவன் சுபாவம். சின்ன வயதில் பலகாரத்தில் முந்திரியைப் பொறுக்கித் தட்டோரத்தில் சேர்த்து வைப்பான், கடைசியில் அக்கா எடுத்துத் தின்றுவிடுவாள்.

முந்திரி அக்காவின் ஞாபகத்தைக் கொண்டுவந்தது. இரண்டாயிரத்து ஒன்று, கல்லூரி விடுமுறை, அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழாம் மாதம். விடுதி நண்பனிடம் வாங்கிய சி.டி.யைப் போட்டு இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான், தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலத்தில் ஓடும் பச்சை எழுத்து பாதி புரியாது. மத்தியானம் தூக்கம் வராமல் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாசிப்பாள், வகுப்பில் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி, அர்த்தம் சொல்லி. ஹன்னாவைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது அவள்தான். "பாவம்டா, வாய் விட்டுக் கேட்டுட்டா. கேட்டவளை விட்டுட்டுப் போறதா?" நீலக் குப்பியை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான், ஒரு பீப்பாய்க்குள். எந்தக் காயத்தையும் ஆற்றுகிற மருந்து, அந்த உலகம் முழுக்க ஐந்துதான் உண்டு. அவன் ஐந்தையும் சேர்த்தான், ஒன்றையும் தொடவில்லை. தேள் கொட்டியபோது தொடவில்லை, கால் ஒடிந்து நொண்டியபோது தொடவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் குடியேன்டா, குடியேன்டா என்பாள். இதைவிடப் பெரிதாக ஏதாவது வரும், அப்போது வேண்டும். அது ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற புத்திதான், நல்லதைக் கடைசிக்கு வைப்பது, கடைசி வந்தபிறகும் வைத்திருப்பது. அறுபதாம் நாள் காலையில் பையைத் திறந்தால் ஐந்து குப்பியும் பழுப்பாகியிருந்தன. கீழே ஒரு வரி: 'நாள் கடந்துவிட்டது. கொட்டிவிடு.' அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, பத்தொன்பது வயது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தப்புறம் யாருக்குடா வச்சிருந்த?" என்றாள். அந்த வயிற்றுக்குள்தான் அப்போது கவின் இருந்தான். நான்காவதில் குப்பிகள் கெட்டுப்போவதில்லை. வீட்டுக் கணினியில், அவன் ஆளின் குடிசைத் தகரப்பெட்டியில் அறுபத்தொரு நீலக் குப்பிகள் இருக்கின்றன.

"அறுபத்தொண்ணா?" என்றாள் நிலோபர். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான் போல. "நான் கிடைக்கக் கிடைக்கக் குடிச்சிருவேண்ணா. தலைவலின்னாகூடக் குடிப்பேன். எதுக்கு அடுக்கி வச்சிருக்கீங்க, கண்காட்சிக்கா?" அவள் கேலியாகத்தான் கேட்டாள், அவனும் கேலியாகத்தான் பதில் சொல்ல நினைத்தான். "வீட்லயும் அதே கேள்விதான். அக்கா கிட்னி தர்றேங்குது, எல்லாம் மேட்ச் ஆயிருச்சு, நான்தான் பின்னாடி பாத்துக்கலாம்னு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் உறைத்தது. நிலோபரின் அம்மாவுடையது பொருந்தவில்லை, அப்பா இல்லை, பெயர் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது, பட்டியல் எவ்வளவு நீளம் என்று அவள் எட்டு மாதத்தில் ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய விரல்கள் பொத்தான்களின் மேல் நின்றுவிட்டன. கருவியில் காற்று வீசும் சத்தம் மட்டும் கேட்டது, உப்பு பறக்கிற சத்தம். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்காவுக்கு என்ன வயசுண்ணா?" என்றாள். சொன்னான். "ம்" என்றாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் ஆள் மலையை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக.

மூன்றாவது மணி நேரத்தில் வழக்கம்போல இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஜெசிந்தா பாதத்தை மேல்நோக்கி அழுத்தி விட்டாள். வலி விட்டதும் வரும் அந்த வெறுமையில் கண்ணை மூடிக்கொண்டான். பின்னாடி என்றால் எது. டாக்டரின் ஒரு வருடம், அக்காவின் பி.பி., பழுப்பு நிறம். இரண்டாவதை எழுதியவர்கள் ஈவிரக்கமில்லாதவர்கள் என்று அன்றைக்கு நினைத்தான், இல்லை, அவர்கள் ஆடுகிறவனின் புத்தியை அறிந்து எழுதியிருக்கிறார்கள். நான்காவதை எழுதியவர்கள் ஆடுகிறவனின் களைப்பை அறிந்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். ஒருவர் உட்காரச் சொல்கிறார், ஒருவர் எழுந்திருக்கச் சொல்கிறார். இரண்டு வருடம் உட்கார்ந்தாயிற்று. ஆனால் மண்வெட்டி தரையில் கிடக்குமே. மறுபடியும் அந்த ஈரத் துண்டு கைக்குள் வந்தது. ஹன்னாவைக் கிணற்றடியில் விட்டுவந்த மூன்று ஆட்டங்களின் முடிவிலும் ஒரே வரிதான் வந்தது: 'ஹன்னா அந்தக் கிணற்றைத் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தாள், யாரும் வந்து நிறுத்தச் சொல்லவில்லை.' பத்திரமாகத்தான் இருந்தாள். அந்த மூன்று முடிவுகளில்தான் அவன் கணினியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். நிச்சயமாகப் பிழைக்க வைக்கிற வழி ஒன்று இருக்கும் என்று பதினோரு முறை தேடினான். வழி இல்லை, வா என்பதும் இரு என்பதும்தான் உண்டு.

ஐந்து பத்துக்கு இயந்திரம் கூவியது. சக்கரம் நின்றது. ஜெசிந்தா ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, "பத்து நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, விட்டுடாதீங்க" என்றாள். வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், இப்போது இரண்டு கையும் அவனுடையதல்ல. அக்கா வந்தாள், பள்ளிக்கூடத்துச் சேலையிலேயே, விரலில் சாக்பீஸ் தூளோடு. நிலோபரைப் பார்த்துச் சிரித்தாள். நிலோபர் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. ஐம்பத்தொன்பதாம் நாள் திரையில் அப்படியே நின்றது.

"அக்கா, அதுல நீலமா ஒண்ணு இருக்கு பாரு. அதை அமுக்கு."

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். "அந்தப் பழைய சனியனா இது? இன்னும் முடிக்கலையா நீ?" குனிந்தாள். "உன் ஆளுக்குக் காயமே படலையேடா. இப்ப எதுக்கு?"

"அமுக்குக்கா."

அமுக்கினாள். கீழே எழுத்து வந்தது. அவன் பதினோரு முறை முடித்த ஆட்டம், முடிவு தெரியாத கிளை ஒன்றுகூட இல்லை என்று நினைத்திருந்த ஆட்டம், இந்த எழுத்தை அவன் பார்த்ததே இல்லை. காயமில்லாதவன் குடிப்பான் என்று நினைத்து யாரோ ஒருவர் இதையும் உட்கார்ந்து எழுதி, இருபத்து நாலு வருடம் உள்ளே வைத்திருக்கிறார். அக்கா வகுப்புக் குரலில் வாசித்து, வாசித்ததும் பழக்கத்தில் அர்த்தமும் சொன்னாள். "குடிக்கிறாய். லேசாகப் புதினா வாசனை. இப்போது உனக்கு இது தேவையில்லையே என்று ஹன்னா சொல்கிறாள். பிறகு, சரி, நடப்போம் என்கிறாள்." நிமிர்ந்தாள். "புதினாவாம்டா. தெரியாமலே இருந்திருக்கோம்."

"அந்தப் பேப்பரை எடு" என்றான் மதியழகன்.

அவள் உடனே எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பையைத் திறந்து படிவத்தை எடுத்து மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள். அவனுடைய வலது கை பஞ்சின் மேல் இருந்தது. ஜெசிந்தா சொன்ன பத்து நிமிடத்தில் நாலுகூட ஆகியிருக்காது. அக்கா அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். நல்ல அழுத்தம். அதன் கீழே துடிப்பது அவனுக்கே தெரிந்தது.

"கவின் கேட்டான்" என்றான்.

"எங்கிட்டயும் கேட்டான். பயப்படறான். பயப்படாம இருப்பானா?"

பேனாவை எடுத்தான். "எனக்கும் பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா. "கையை ஆட்டாத."